தாயுமானவர் சன்னதியில் ஒரு தகப்பன்

திருச்சிராப்பள்ளிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது மலைக்கோட்டைதான். சமதரையில் யாரோ தூக்கிக்கொண்டு வந்து இறக்கி வைத்தாற்போல் தனியே நிற்கிற ஒற்றைப் பாறை. உயரம் சுமார் 83 மீட்டர். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், உச்சியில் உச்சிப் பிள்ளையார், நடுவிலே தாயுமானவர். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் தாயுமானவர் சன்னதிக்குத்தான் முதலில் போவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் இளம் சகோதரிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரத்னாவதி என்று ஒரு செட்டிப்பெண் இந்த ஊரில் வாழ்ந்து வந்தாள். பிரசவ காலம். உதவிக்கு வரவேண்டிய அம்மாவோ காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தாள். பெண்ணுக்கு வேண்டிய மருந்தையும் எண்ணெயையும் மூட்டை கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டு வந்தால், காவிரியில் வெள்ளம்! அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. 'அம்மா இன்னும் வரலையே' என்று அவள் துடித்தபோது சிவபெருமானே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தாராம். தாயையும் சேயையும் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வெள்ளம் வடிகிற வரைக்கும் கூடவே இருந்தாராம். நிஜ அம்மா வாசலில் வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது! அன்று முதல் அவர் தாயுமானவர். இன்றும் கோயில் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இந்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து சுவாமிக்குப் படைக்கிறார்கள்.

நானும் இந்தக் கோயிலுக்குப் பல தடவை போயிருக்கிறேன். 2024-ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் போனதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 'நாலு வீட்டுக்கு உபயோகப்படும்னா எழுதுங்க அண்ணி' என்றாள் அவள்.

என் தம்பிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவிக்குப் பிறந்த வீடு திருச்சி உறையூர். நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடித்து அனுப்பி வைத்தோம். பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவனுக்குப் பாதி வாழ்க்கை ரயிலில்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை விடியற்காலை திருச்சி. ஞாயிறு ராத்திரி மறுபடி ரயில். திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு நேரே ஆபீஸ். போக சுமார் 330 கிலோமீட்டர், வர அதே அளவு. மூன்றாம் மாதத்திலேயே குழந்தையை அழைத்து வந்துவிடலாம் என்று பேசி முடித்து, வீட்டுக்குப் பெரியவளாக என்னையும் உடன் வரச் சொன்னான்.

சாதாரணமாக ரயில் ஏறினால் விழுப்புரம் வருகிற வரைக்கும் வாய் மூடாமல் பேசுகிற பிள்ளை அவன். அன்றைக்கு மேல் பர்த்தில் ஏறிப் படுத்தவன் கண்ணைக் கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டிக்கொண்டு போன இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"தூங்கலையாடா?"

"வர மாட்டேங்குது அக்கா."

"எத்தனை நாளா?"

"தெரியலை. ரொம்ப நாளா."

உறையூர் வீட்டில் வரவேற்புக்கு ஒரு குறையும் இல்லை. சம்பந்தியம்மா மரியாதை தெரிந்தவர். "வாங்க மாப்பிள்ளை" என்று காற்றாடிக்கு நேராக நாற்காலி போட்டு, பலகாரமும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். குழந்தை உள் அறையில். அங்கே தம்பி மனைவி, அவளுடைய அம்மா, பெரியம்மா, குளிப்பாட்ட வருகிற ஆயா என்று எல்லோரும் பெண்கள். சாம்பிராணிப் புகையும் வசம்பு வாசனையுமாக இருக்கிற அந்த அறைக்குள் ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கவே கூச்சப்படுவான். நடுவில் ஒருதரம் குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். அது சிணுங்க ஆரம்பித்ததும், "குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்கெல்லாம் இது வராது" என்று பெரியம்மா பிரியமாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவன் மறுபடி நாற்காலிக்கு வந்து செல்போனைப் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் தம்பி மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, அவர் குழந்தை முகத்தையே சரியாப் பார்க்க மாட்டேங்கிறார். எதைக் கேட்டாலும் சிடுசிடுங்கிறார். பொண்ணாப் போச்சேன்னு வருத்தமா? எங்கிட்ட சொல்லலை, உங்ககிட்டயாவது சொன்னாரா?"

'கேட்டுச் சொல்கிறேன்' என்று அவளைத் தேற்றிவிட்டு, சாயங்காலம் தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் புறப்பட்டேன்.

சின்னக்கடைத் தெருவின் சந்தடியை விட்டு உள்ளே நுழைந்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தால், கொஞ்ச தூரத்திலேயே கடைத்தெருச் சத்தம் அடங்கிவிடுகிறது. அகலமான கற்படிகள். மேலே கூரை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. உச்சி வரை போக நானூற்றுச் சொச்சம் படிகள் என்றாலும் தாயுமானவர் சன்னதி பாதி வழியிலேயே வந்துவிடும். பெரிய லிங்க மூர்த்தி. அம்பாளுக்கு மட்டுவார்குழலி என்று அழகான பெயர். அன்றைக்கு யாரோ ஒரு குடும்பம் வாழைத்தாரோடு வந்திருந்தது. தீபாராதனை பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தோம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் பேசினான்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க அக்கா. எனக்கு மட்டும் ஒண்ணுமே தோணலை. குழந்தையைத் தூக்கினா யார் வீட்டுக் குழந்தையோ மாதிரி இருக்கு. பெத்தவ அவ, வலி அவளுக்கு. நான் எதுக்கு அழணும்? ஆனா ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வர்றேன்."

"பொண்ணுங்கிறதால வருத்தமாடா?"

"சேச்சே! பொண்ணுதான் வேணும்னு வேண்டிக்கிட்டேன்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "ரயில் திருச்சியில நிக்காமப் போய்க்கிட்டே இருந்தா தேவலைன்னு இருக்கு. திரும்பிப் போறப்பவும் அப்படித்தான், சென்னை வராமலே இருந்தா தேவலைன்னு இருக்கு."

எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "உயிரோட இருந்து என்ன பண்ணப் போறோம்னு எப்பவாவது தோணிச்சா?"

தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு தரம்."

இப்படி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல் ஆகுமோ என்று பலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது, கேட்பதுதான் நல்லது என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் அவனுக்கு மூச்சு விட்டாற்போல் இருந்ததை நானே பார்த்தேன். "சொன்னியே, அதுவே பெரிசு. இனிமே இதைத் தனியாச் சுமக்க வேண்டாம். டாக்டர்ட்ட போலாம்" என்றேன். சரி என்று தலையாட்டினான்.

"மேல போலாமா?" என்று அவனே கேட்டான். ஏறினோம். வழியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில். கங்கையைத் தலையில் தாங்குகிற சிவனை அங்கே பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். உச்சிக்குப் போனால் ஊரே காலடியில்! வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவரங்கம், 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், அதற்கும் பின்னால் கொள்ளிடம். அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூலை மாதக் கடைசியில்தான் திறந்தார்கள். நாங்கள் பார்த்தபோது காவிரி முழுக்க மணலாகக் கிடந்தது.

அந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ரத்னாவதியின் கணவர் அப்போது எங்கே இருந்தார்? வியாபாரி என்று ஆரம்பத்தில் ஒரு வரி சொல்வார்கள். பிரசவ வலி எடுத்த பிறகு, நான் கேட்ட வரையில், அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. வாசலில் தவித்துக்கொண்டு நின்றாரா, அழுதாரா, யாரும் கேட்டதில்லை. பிரசவ அறைக்குள் போக சிவபெருமானே அம்மா வேஷம் போட வேண்டியிருந்தது என்றால், வெறும் மனிதனான புருஷனுக்கு அங்கே இடம் ஏது? வேறு வேலை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைகளின் நினைவு வந்தது.

அன்று ராத்திரியே 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். டெலிமானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி எண் அது. காசு இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிதானமாகக் கேட்டுத் தைரியம் சொல்லி, உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தோம். அந்த இரண்டு நாளும் அவனைத் தனியே விடவில்லை. திங்கட்கிழமை காலை திருச்சியிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

டாக்டர் அம்மாள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "பிரசவத்துக்குப் பின்னால் வருகிற மனச்சோர்வு அம்மாக்களுக்கு வருவது உங்களுக்குத் தெரியும். அப்பாக்களுக்கும் வரும்" என்றார். பல நாடுகளில் நடந்த 43 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்ததாம். ஏறக்குறைய பத்தில் ஒரு தகப்பனுக்கு இது இருக்கிறதென்றும், குழந்தைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும் சமயத்தில்தான் அதிகமென்றும் அதில் கண்டிருக்கிறார்கள். மனைவிக்கு மனச்சோர்வு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அவனுக்கு இருந்தால் அவளையும் விசாரிக்க வேண்டும். ஆகவே தம்பி மனைவியையும் வரச் சொன்னார்.

1987-இல் எடின்பரோவில் தயாரித்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது, சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்கும். தமிழிலும் இருக்கிறது. அம்மாக்களுக்காக வந்த படிவம்தான், அப்பாக்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேருமே எழுதினார்கள். அவளுக்குத் தூக்கக் குறைவைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அவனுக்கு நிச்சயமாகச் சிகிச்சை தேவை என்று தெரிந்தது.

'ஏன் வருகிறது?' என்று கேட்டேன். ஒரே காரணம் என்று கிடையாதாம். தூக்கம் கெடுவது, பணக் கவலை, பிரசவத்தின்போது பட்ட பயம், முன்பே மனச்சோர்வு வந்திருப்பது, 'நமக்கு இங்கே வேலை இல்லை' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். "ஆம்பளைங்க அழுது காட்ட மாட்டாங்க. எரிஞ்சு விழுவாங்க, ஆபீஸே கதின்னு கிடப்பாங்க, போனுக்குள்ள முகத்தைப் புதைச்சுப்பாங்க, சில பேர் குடிக்கப் போயிடுவாங்க. வீட்டில இருக்கறவங்க, பொறுப்பில்லாதவன்னு முடிவு கட்டிடுவாங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்ணாகப் பிறந்ததால் வருத்தமோ என்ற சந்தேகம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகவும் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நடுவில் நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "குழந்தையை அவர் கையில் குடுங்க. அழுதாலும் உடனே வாங்கிக்காதீங்க."

சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்கு உதைப்புத்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்பிள்ளை, நாளைக்கு நீங்களே குளிப்பாட்டுங்க. நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

மறுநாள் காலை நான் பார்த்த காட்சி! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, நீட்டிய கால்களில் குழந்தையைப் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்தான். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று, "கழுத்துக்கு அடியில கை குடுங்க... காதுல தண்ணி போகக் கூடாது... மூக்கில எண்ணெய் விட வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கு" என்று வரிசையாகச் சொன்னார். குழந்தை வீறிட்டது. ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. துடைத்துத் தூளியில் போட்டு ஆட்டியதும் ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போயிற்று.

ஆபீஸில் கேட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினான். பேறுகால விடுப்பு அம்மாக்களுக்கு 2017 முதல் 26 வாரம். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிகளில் இத்தனை நாள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. அவனுக்குக் கிடைத்திருந்தது மூன்றே நாள். திருச்சியிலேயே தங்கினான். இராத்திரியில் முதல் தடவை குழந்தை விழித்தால் அவன் முறை. துணி மாற்றி, பாலுக்கு அவளிடம் கொடுத்து, ஏப்பம் விடவைத்துத் தூங்கப் போடுவான். இரண்டாம் முறை அவள் அம்மா. இப்படிப் பங்கு போட்டுக்கொண்டதில் இரண்டு பேருக்குமே சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது. தூக்கமும் ஒரு மருந்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "என்ன, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். சம்பந்தியம்மா, "தாயுமானவர் ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வாயை அடைத்துவிட்டார்!

எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் உண்டு, பேசாமல் முடங்கிய நாளும் உண்டு. அந்த இருண்ட எண்ணம் இன்னொரு முறை தலைகாட்டியபோது அவனே மனைவியிடம் சொன்னான். உடனே டாக்டரிடம் போனார்கள். ஆடிப்பெருக்குக்கு நான் மறுபடி போனபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அவன் தோளில் இருந்தது. "அக்கா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறா பாருங்க" என்றான். மூன்று மாதத்தில் அவன் வாயிலிருந்து குழந்தையைப் பற்றி அவனாகச் சொல்லிக் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

ஆடியில் அழைத்துப் போகும் வழக்கமில்லை. ஐந்தாம் மாதம், ஆவணியில் நாள் பார்த்துச் சென்னைக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன்னால் வேண்டுதல் வாழைத்தார். ஆள் வைத்துத் தூக்கச் சொன்னோம், கேட்கவில்லை. தானே தோளில் வைத்துக்கொண்டு சன்னதி வரைக்கும் படியேறினான். சிகிச்சை அதற்கப்புறமும் பல மாதம் சென்னையில் தொடர்ந்தது.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்த வீட்டில் கணவர் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், எரிந்து விழுந்தால், குழந்தையிடமிருந்து விலகி விலகிப் போனால், 'பொறுப்பில்லை' என்று முடிவு கட்டாமல் 'மனசு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தனியே விடவும் வேண்டாம். உங்களுக்கே அப்படி இருந்தாலும் இதே பேச்சுத்தான். அம்மாக்களுக்கு இது இன்னும் அதிகமாகவே வருகிறது. மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாப்பிள்ளைக்குப் பலகாரம் கொடுங்கள், கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்.

மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. நடுப்பகலில் தாயுமானவர் சன்னதி சாத்தியிருக்கும். உச்சியில் பாறையும் சுடும். கர்ப்பிணிகளும் பச்சை உடம்புக்காரர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கைக்குழந்தையோடு போகிறீர்களா? அப்பாவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கைவீசி ஏறுங்கள். குழந்தை சிணுங்கினால், பாதிப் படியில் நின்று 'குடுங்க' என்று கையை நீட்டாதீர்கள். அவரே சமாதானப்படுத்தட்டும்.